பரிவும் பயிற்சியும்

நுழையும்முன்

விலங்குகளிடம் அன்பு கொண்டோர் பலர். அவ்வன்பை விலங்குக்குப் பயன்படும் வகையில் செயலாக்கத் தெரிந்தோர் சிலரே. திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள காட்டிலும், தமிழகத்தின் உயிரியல் பூங்காக்களிலும், சென்னைக் கடற்கரையிலும் ஊதியம் பெறாமல் விலங்குகளுக்காக உழைக்கும் தன்னார்வலர்கள் என்ன செய்கின்றனர், அதற்கென எவற்றைக் கற்கின்றனர் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

மலையும் அதன் உயிர்களும்

கார்த்திகைத் தீபத்தாலும் முழுநிலா நாளின் மலைவலத்தாலும் நாடறிந்த ஊர் திருவண்ணாமலை. ஏறத்தாழ 814 மீட்டர் உயரமுள்ள அம்மலையைச் சுற்றிவர 14 கிலோமீட்டர் நடக்கவேண்டும். கோபுரத்தையும் எட்டுத்திசை இலிங்கங்களையும் நாடிச் செல்லும் கண்களுக்குச் சற்றே அப்பால் ஒரு காடு இருக்கிறது. புள்ளிமான்களும் முயல்களும் மயில்களும் குரங்குகளும் அதில் வாழ்கின்றன. கோயில் நகரம் என்னும் பெரும்பெயருக்குள் அக்காடு பலவேளைகளில் மறைந்துபோகிறது.

இந்நிலப்பகுதியின் உயிர்களைத் தமிழ் இலக்கியம் நெடுங்காலத்திற்கு முன்பே உற்றுநோக்கியிருக்கிறது. செங்கண்மா நகரத்து நன்னனைப் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் 583 அடிகளைக் கொண்டது. அதில் பேசப்படும் நவிரமலை, இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தின் பருவதமலையே என்பர். மலையில் எழும் பலவகை ஓசைகளை அடுக்கிச் சொல்லும் புலவர், பிடி நழுவிப் பாறைப் பிளவில் விழுந்த குட்டிக்காக மந்தி தன் சுற்றத்தோடு எழுப்பும் ஓலத்தையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார். வேடிக்கை பார்ப்போரின் செவியில் விழாத ஓசை அது.

அண்மைக்காலத்தில் இம்மலையின் உயிர்களோடு நெருங்கி வாழ்ந்தவராக இரமண மகரிசி அறியப்படுகிறார். 1896-ஆம் ஆண்டு திருவண்ணாமலைக்கு வந்த அவர், 1950-இல் மறையும்வரை ஊரைவிட்டு நீங்கவில்லை. 1948-இல் இறந்த இலட்சுமி என்னும் பசுவின் நினைவிடம் ஆசிரம வளாகத்தில் இருக்கிறது. அதனருகே ஒரு மானுக்கும், ஒரு காக்கைக்கும், ஒரு நாய்க்கும் நினைவிடங்கள் உள்ளன. அவர் மலைமேல் வாழ்ந்த காலத்தில், கடிபட்டு நொண்டியான குரங்குக்குட்டி ஒன்றைப் பேணி வளர்த்தார். மனிதக் கைபட்ட குட்டியைக் கூட்டம் ஏற்காது என்பது பொதுவான நம்பிக்கை. ஆனால், நலம்பெற்ற அக்குட்டியை அதன் கூட்டம் மீண்டும் சேர்த்துக்கொண்டது. பின்னாளில் அதுவே கூட்டத்திற்குத் தலைமையும் ஏற்றது. பேணியவர் அதனைத் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை என்பதே இந்நிகழ்ச்சியில் கருதத்தக்கது. மீட்பதும் வளர்ப்பதும் வேறுவேறு செயல்கள்.

பேகனின் போர்வை

கடையெழு வள்ளல்களுள் ஒருவனான பேகன், மயில் குளிரால் நடுங்குகிறது எனக் கருதித் தன் போர்வையை அதற்கு ஈந்தான். அச்செயலைக் கொடைமடம் என இலக்கியம் போற்றுகிறது. கொடுத்தவனின் உள்ளத்தை அச்செயலால் அளக்கலாம். மயிலின் தேவையை அளக்க இயலாது. மயிலுக்கு அதன் இறகே போர்வை. விலங்குத் தொண்டில் ஈடுபடும் புதியோர் பெரும்பாலும் தொடங்குமிடம் பேகனின் இடம்தான். அங்கிருந்து அடுத்த படிக்கு அவர்களை அழைத்துச் செல்வது பயிற்சி.

புள்ளிமானை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். கோடையில் நீர்தேடி மலைவலப் பாதையோரம் வரும் மான்கள் நாய்களால் துரத்தப்படுகின்றன. சில, ஊர்திகளில் அடிபடுகின்றன. அடிபட்ட மானைச் சுற்றி நொடியில் கூட்டம் கூடிவிடும். ஒருவர் வாயில் நீர் ஊற்றுவார். ஒருவர் முதுகைத் தடவிக்கொடுப்பார். பலர் கைப்பேசியை உயர்த்துவர். எல்லாரும் நல்லெண்ணம் உடையவர்களே. எனினும், மானின் உடலில் அப்போது நிகழ்வது வேறு. துரத்தப்பட்டபோது அதன் தசைகள் எல்லை மீறி உழைத்திருக்கின்றன. அச்சம் நீங்காதவரை அவ்வுழைப்பின் கேடு தொடர்கிறது. தசைகளில் அமிலம் பெருகி, இழைகள் சிதைந்து, அவற்றிலிருந்து வெளிப்படும் புரதம் குருதியில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது. நாயிடமிருந்து காப்பாற்றப்பட்டு, காயமும் ஆறத் தொடங்கிய மான் சில நாள்கள் கழித்து இறந்துபோவதற்கு இதுவே காரணமாக இருப்பதுண்டு. மனிதனின் தடவுதல் மானுக்கு ஆறுதல் அன்று. கொன்றுண்ணியின் பிடியாகவே அது அதனை உணர்கிறது.

எனவே, பயிற்சி பெற்ற தன்னார்வலர் முதலில் செய்வது கூட்டத்தை அகற்றுவதாகும். அடுத்து, மெல்லிய துணியால் மானின் கண்களை மூடுகிறார். மூக்கும் வாயும் மூடப்படாமல் பார்த்துக்கொள்கிறார். இருள் சூழ்ந்ததும் மானின் பதற்றம் தணிகிறது. (பேகனின் துணி ஈண்டுப் பயன்படுகிறது, குளிருக்காக அன்று.) மயங்கிக் கிடக்கும் விலங்கின் வாயில் ஊற்றும் நீர் நுரையீரலுக்குள் சென்றுவிடக்கூடும் என்பதால் நீர் புகட்டுவதில்லை. பின்னர் வனத்துறைக்குத் தகவல் தருகிறார். காட்டுயிரைக் கையாளும் அதிகாரம் வனத்துறைக்கே உரியது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, காயமுற்ற மானை இரக்கத்தால் வீட்டுக்குக் கொண்டுசெல்வதும், கூட்டிலிருந்து விழுந்த கிளிக்குஞ்சை எடுத்து வளர்ப்பதும் குற்றமாகலாம்.

மானைத் துரத்திய நாயும் பரிவுக்கு உரியதே. தெருநாய்களின் எண்ணிக்கையைக் கொல்லாமல் குறைக்கும் வழியாக, விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் 2001-இல் நடுவணரசால் இயற்றப்பட்டன. 2023-இல் அவற்றுக்கு மாற்றாகப் புதிய விதிகள் வந்தன. கருத்தடை அறுவையும் வெறிநாய்க்கடி நோய்த் தடுப்பூசியும் முடிந்த நாயின் காதில் சிறு வெட்டடையாளம் இட்டு, பிடித்த இடத்திலேயே அதனை விடுவது பொதுவான நடைமுறை. நாய்களை அகற்றி வெற்றிடமாக்கப்பட்ட தெருவுக்குத் தடுப்பூசி பெறாத வேறு நாய்கள் வந்துசேரும் என்பதே இதன் அடிப்படை. திருவண்ணாமலையில் இயங்கும் அருணாசலா விலங்குகள் சரணாலயமும் மீட்பகமும் இத்தகைய மருத்துவப் பணியில் ஈடுபட்டுள்ளது. இங்கே தன்னார்வலர்களின் பணி கவர்ச்சியானது அன்று. நாய்களுக்கு அறிமுகமானவர்களைக் கண்டறிந்து அவர்கள் துணையோடு பிடிப்பது, அறுவைக்குப்பின் தையலைக் கண்காணிப்பது, கூண்டைக் கழுவுவது, பதிவேடு எழுதுவது என அது நீளும். இப்பணிக்கு வருவோர் முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொள்வர். கடிபட்டால் காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும் என்பது அவர்கள் கற்கும் முதற்பாடங்களுள் ஒன்று.

கொடுப்பதும் கெடுப்பதும்

கோயில் வாயிலிலும் மலைப்பாதையிலும் குரங்குகளுக்குப் பழமும் பொரியும் வழங்குவது நெடுநாள் வழக்கம். இதனைத் தடுக்க முயலும் தன்னார்வலர்கள் மிகுந்த எதிர்ப்பைச் சந்திக்கின்றனர். அறமெனக் கருதிச் செய்வதை ஒருவர் வந்து தீங்கென்றால் யாருக்கும் சினம் எழும். ஆயினும், உண்மை தன்னார்வலர் பக்கமே உள்ளது.

தென்னிந்தியாவில் மட்டும் வாழும் நாட்டுக்குரங்குக்குக் கன்னத்தின் உட்புறம் பை போன்ற அமைப்பு உண்டு. காட்டில் பழங்களை விரைந்து பறித்து அப்பையில் நிரப்பிக்கொண்டு, பாதுகாப்பான வேறிடம் சென்று மென்று, கொட்டையைத் துப்புகிறது. இவ்வாறு தாய்மரத்தின் நிழலுக்கு அப்பால் விதைகள் பரவுகின்றன. அதாவது, குரங்கு காடு வளர்க்கும் உயிர். கையேந்தினால் மாச்சில்லும் வாழைப்பழமும் கிடைக்கும் என அது கற்றுக்கொண்டபின் மரத்துக்குச் செல்லும் தேவை குறைகிறது. சாலையோரமே வாழிடமாகி, ஊர்திகளில் அடிபடுகிறது. கொடுக்காதவரிடமிருந்து பறிக்கவும் கடிக்கவும் தொடங்குகிறது. பின்னர், அதே ஊரார் குரங்குத் தொல்லை எனப் புகார் அளிக்கின்றனர்; கூண்டு வருகிறது; பிடிபட்ட குரங்குகள் அறியாத காட்டில் விடப்படுகின்றன. ஒரு பழத்தில் தொடங்கியது ஓர் இடப்பெயர்வில் முடிகிறது.

காட்சிச்சாலை முதல் காப்பகம் வரை

தமிழகத்தில் விலங்குகளைக் காட்சிக்கு வைக்கும் வழக்கம் பொதுநிறுவனமாக மாறியது 19-ஆம் நூற்றாண்டில். எழும்பூர் அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராயிருந்த எட்வர்டு பால்ஃபர் என்னும் மருத்துவர், உயிருள்ள விலங்குகளைக் காண மக்கள் திரள்வதைக் கண்டு, 1855-இல் அருங்காட்சியக வளாகத்திலேயே விலங்குக் காட்சிச்சாலையைத் தொடங்கினார். பின்னர் அது சென்னை நடுவண் தொடர்வண்டி நிலையத்தை அடுத்த மக்கள் பூங்காவுக்கு மாற்றப்பட்டு, நூறாண்டுகளுக்கும் மேலாக அங்கே நிலைத்தது. இடநெருக்கடியும் இரைச்சலும் மிகுந்ததால் வண்டலூர்க் காட்டுப்பகுதியில் புதிய பூங்கா அமைக்கப்பட்டு 1985-ஆம் ஆண்டு சூலையில் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 600 எக்டேர் பரப்புள்ள அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா அதுவே. திருவண்ணாமலைக்கு வடக்கே, சவ்வாது மலைத்தொடரின் அடிவாரத்தில், வேலூர் மாவட்டத்து அமிர்தியில் சிறிய உயிரியல் பூங்கா ஒன்றும் உண்டு.

இடம் மாறியது போலவே நோக்கமும் மாறியது. கம்பிக்கூண்டில் அடைத்துக் காட்டுவதே போதும் என்னும் நிலை மறைந்து, அருகிவரும் இனங்களைப் பெருக்குதல், ஆய்வு, கல்வி ஆகியன பூங்காவின் கடமைகளாயின. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1991-இல் திருத்தப்பட்டது. அதன்படி 1992-இல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் உருவானது. இவ்வாணையத்தின் ஏற்பின்றி நாட்டில் எவரும் உயிரியல் பூங்கா நடத்த இயலாது.

தெரிந்து தெளிவோம்

உயிரியல் பூங்காவில் விலங்குகளைச் சீண்டுவதும், துன்புறுத்துவதும், அவற்றுக்கு உணவளிப்பதும், ஓசையெழுப்பி அமைதியைக் குலைப்பதும், குப்பை போடுவதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஞ (38-ஜெ) பிரிவின்படித் தடைசெய்யப்பட்டுள்ளன. மீறுவோர் தண்டனைக்கு உள்ளாவர்.

பூங்காவில் தன்னார்வலர்

உயிரியல் பூங்காவில் தொண்டாற்றுவது என்றதும் புலிக்குட்டியை மடியில் வைத்துக் கொஞ்சும் காட்சி சிலர் நினைவில் தோன்றும். நல்ல பூங்கா எதுவும் அதற்கு இடமளிப்பதில்லை. தன்னார்வலர் கொன்றுண்ணிகளின் உறைவிடத்துக்குள் செல்வதில்லை. விலங்குகளைத் தொடுவதும் அரிது. தொடாமல் செய்யவேண்டிய பணிகளே ஏராளம்.

அவற்றுள் முதன்மையானது உற்றுநோக்கல். காட்டில் நாளெல்லாம் இரைதேடி அலையும் விலங்குக்குப் பூங்காவில் உணவு நேரம் தவறாமல் வந்துவிடுகிறது. எஞ்சிய பொழுதைக் கழிக்க வழியறியாத விலங்கு, ஒரே தடத்தில் திரும்பத்திரும்ப நடப்பது, தலையை இடைவிடாது ஆட்டுவது போன்ற பொருளற்ற செயல்களில் ஈடுபடத் தொடங்கும். பார்வையாளர் அதனை நடனம் என்று கருதிச் சிரிப்பதுண்டு. உண்மையில் அது சலிப்பின் நோய்க்குறி. தன்னார்வலர் ஒருவர் உறைவிடத்துக்கு வெளியே அமர்ந்து, உறங்கியது, நடந்தது, உண்டது, மோப்பம் பிடித்தது, மறைந்துகொண்டது என முன்னரே வகுத்த பட்டியலில், நிமிடத்துக்கு ஒருமுறை குறியிடுகிறார். பல நாள் குறிப்புகளை ஒன்றுசேர்த்தால், எவ்வேளையில் அவ்விலங்கு சோர்கிறது, எது அதனை மகிழ்விக்கிறது என்பது புலனாகும். நூறு பார்வையாளரின் காணொளிகள் தராத செய்தியை இப்பட்டியல் தந்துவிடும். பொறுமையற்றோர் அரைமணியில் எழுந்துவிடுவர் என்பதும் உண்மையே.

குறிப்புகளின் பயன் அடுத்த பணியில் வெளிப்படுகிறது. அதனை வாழிட வளமூட்டல் என்பர். கரடியின் கதையைக் கேட்டால் இது எளிதில் விளங்கும். காட்டில் கரடி கறையான் புற்றை நகத்தால் கிளறி, மண்ணை ஊதித் தள்ளி, கறையானை உறிஞ்சி உண்கிறது. ஒரு வாய் உணவுக்கு நெடுநேர உழைப்பு. பூங்காவில் தட்டில் வைத்த உணவைச் சில நிமிடங்களில் முடித்துவிட்டு அது சும்மா இருக்கிறது. மரக்கட்டையில் துளையிட்டு உள்ளே தேனைத் தடவி வைத்தால், அதே உணவு ஒரு மணிநேர வேலையாக மாறுகிறது. மூங்கிற்குழாயில் கடலையை ஒளித்துக் குரங்குகளுக்குத் தொங்கவிடுவதும், கோடையில் பழங்களைப் பனிக்கட்டிக்குள் உறையவைத்துக் கொடுப்பதும் இவ்வகையின. துளையிடுதல், குழாய் அறுத்தல், கயிறு பின்னுதல் போன்ற வேலைகளைக் காப்பாளரின் மேற்பார்வையில் தன்னார்வலர்கள் செய்கின்றனர். நைலான் கயிற்றின் இழையை விலங்கு விழுங்கிவிடக்கூடும் என்பதால் தேங்காய்நார்க் கயிறே ஏற்றது என்பன போன்ற நுட்பங்களை அனுபவம் மிக்க காப்பாளரிடமிருந்துதான் கற்கமுடியும்.

பூங்காக்களில் காலணியை மருந்துநீரில் நனைத்துச் செல்லுமாறு சொல்வதையும், காய்ச்சல் உள்ளவரைத் திருப்பி அனுப்புவதையும் சிலர் மிகையான கண்டிப்பு எனக் கருதக்கூடும். 2021-ஆம் ஆண்டு வண்டலூரில் நேர்ந்தது அக்கருத்தை மாற்றும். மனிதரிடையே பரவிய கொரோனா பெருந்தொற்று அங்கிருந்த சிங்கங்களையும் பற்றியது. சூன் மாதத்தில் நீலா என்னும் பெண்சிங்கமும், பின்னர் ஓர் ஆண்சிங்கமும் இறந்தன. நோய் விலங்கிடமிருந்து மனிதருக்கு வருவதையே நெடுங்காலம் பேசிய உலகம், அது எதிர்த்திசையிலும் செல்லும் என்பதை அப்போது கண்முன் கண்டது.

பார்வையாளரிடம் பேசுவதும் தன்னார்வலர் பணியே. வண்டலூர்ப் பூங்கா நடத்தும் பூங்காப் பள்ளியும் கோடை முகாம்களும் மாணவர்க்கு இதற்கான வாயில்களாக அமைந்துள்ளன. நன்கொடை அளித்து ஒரு விலங்கின் உணவுச் செலவை ஏற்கும் திட்டமும் அங்குண்டு. எனினும், பணம் அளிப்போரைவிட நேரம் அளிப்போரே எங்கும் குறைவு.

இரவில் நடப்போர்

பூங்காவின் மதிலுக்கு வெளியே மாணவர்கள் தாமே தொடங்கி நடத்தும் தொண்டும் உண்டு. 1988-ஆம் ஆண்டு சென்னையில் உருவான மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு அதற்குச் சான்று. பங்குனி ஆமை என வழங்கும் கடலாமைகள், சனவரி முதல் சில மாதங்கள் சென்னைக் கரையில் இரவில் ஏறி, மணலைத் தோண்டி நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளை இட்டுச் செல்கின்றன. அவற்றை நாய்கள் தோண்டித் தின்பதுண்டு. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகளோ ஒளிமிகுந்த திசையைக் கடல் எனக் கருதி நகர்பவை. மின்விளக்குகள் இல்லாத காலத்தில் அக்கணிப்பு பிழைத்ததில்லை. இன்று அவை தெருவிளக்கை நோக்கிச் சென்று சாலையில் நசுங்குகின்றன. எனவே, தன்னார்வலர்கள் நள்ளிரவில் நீலாங்கரை முதல் பெசன்ட் நகர் வரை ஏறத்தாழ 7 கிலோமீட்டர் கடற்கரையோரம் நடந்து, ஆமையின் தடம் பார்த்துக் கூட்டைக் கண்டறிகின்றனர். வனத்துறையின் இசைவோடு முட்டைகளைப் பொரிப்பிடத்துக்கு மாற்றி, ஏறத்தாழ 45 நாள்கள் கழித்து வெளிவரும் குஞ்சுகளைக் கடலோரம் விடுகின்றனர். எதுவும் தென்படாத இரவுகளிலும் அதே தொலைவை நடந்தாகவேண்டும்.

விலங்குத் தொண்டுக்குப் பட்டப்படிப்பு கட்டாயமன்று என்பதை இருளர் வரலாறு காட்டுகிறது. ரோமுலஸ் விட்டேகர் கிண்டிப் பாம்புப் பண்ணையையும், பின்னர் 1976-இல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முதலைப் பண்ணையையும் நிறுவியபோது, பாம்பின் வழியறிந்தோராக அவருக்குத் துணைநின்றோர் இருளர் மக்கள். 1978-இல் அவர்களுக்கெனப் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. பிடித்த பாம்பிலிருந்து நஞ்சு எடுத்து மீண்டும் காட்டில் விடுவது அதன் முறை. அந்நஞ்சு பாம்புக்கடி மருந்து உருவாக்கப் பயன்படுகிறது. அவ்வறிவின் சிறப்பை ஏற்று, இருளர் இனத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கு 2023-இல் பத்மசிறீ விருது அறிவிக்கப்பட்டது. திருவண்ணாமலை மாவட்டத்திலும் இருளர் வாழ்கின்றனர். விலங்குகளைப் பற்றிக் கற்க விரும்பும் மாணவர் முதலில் யாரை வினவலாம் என்பதற்கு விடை அருகிலேயே இருக்கிறது.

மரம் நட்டு மானைக் காத்தல்

மீண்டும் மலைக்கு வரலாம். மீட்கப்பட்ட விலங்கை விடுவதற்குக் காடு வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அண்ணாமலை வெறும்பாறையும் புல்லுமாகவே காட்சியளித்தது. விறகுக்கும் கால்நடைக்கும் மரங்கள் பலியாயின. எஞ்சியவற்றை ஆண்டுதோறும் தீ தின்றது. 1980-களின் இறுதியில் தொடங்கிய மீள்காடு வளர்ப்பு முயற்சியைப் பின்னர் வந்த அமைப்புகளும் வனத்துறையோடு இணைந்து தொடர்ந்தன. ‘தி ஃபாரஸ்ட் வே’ என்னும் அறக்கட்டளை இன்று அவற்றுள் குறிப்பிடத்தக்கது. உள்நாட்டு மரவகைகளின் விதைகளைத் திரட்டி நாற்றங்காலில் வளர்த்து, மழைக்காலத்தில் மலைச்சரிவில் நடுவதற்கு உள்ளூர் மக்களும் பள்ளி மாணவரும் வெளிநாட்டினரும் தோள்கொடுக்கின்றனர்.

நடுவதைவிடக் காப்பதே கடினம். மழை ஓய்ந்தபின் ஆளுயரம் வளர்ந்து காயும் போதைப்புல்லில் ஒரு கற்பூரத் துண்டின் பொறி விழுந்தாலும் தீ சரிவெங்கும் ஏறிவிடும். தீ எப்போதும் மேல்நோக்கி விரைந்து செல்லும் இயல்புடையது. வெப்பக்காற்று மேலுள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடுவதே காரணம். ஆதலால், தீயணைக்கச் செல்வோர் தீக்கு மேற்புறம் நிற்பதில்லை. கோடைக்கு முன்பே சரிவின் குறுக்கே புல்லை அகலமாக அறுத்து வெற்றுநிலக் கோடுகளை அமைக்கின்றனர். தீ அங்கே உண்ண ஏதுமின்றி நிற்கிறது. அதையும் மீறிப் பரவினால் பச்சிலைக் கொப்புகளால் அடித்து அணைக்கின்றனர். மலையில் மரம் கூடக்கூட நிழலும் ஈரமும் மிகும், புல் குறையும், மான் நீருக்காகச் சாலைக்கு இறங்கும் நாள்களும் குறையும்.

மலையேறி நடும் வலிமை இல்லாதோர்க்கும், தொலைவிலுள்ள பூங்காவுக்குச் செல்ல இயலாதோர்க்கும் உரிய பணிகள் உள்ளன. பொங்கலையொட்டித் தமிழகமெங்கும் நடைபெறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில், வீட்டு முற்றத்திலோ ஏரிக்கரையிலோ 15 நிமிடம் நின்று, கண்ட பறவைகளின் பெயரையும் எண்ணிக்கையையும் குறித்து இணையத்தில் பதிவுசெய்யலாம். அக்டோபர் 2 முதல் 8 வரை கொண்டாடப்படும் வனவிலங்கு வாரத்தில் பூங்காக்களும் வனத்துறையும் மாணவர்க்கான நிகழ்ச்சிகளை அறிவிக்கின்றன. பள்ளியின் தேசியப் பசுமைப்படையும் நாட்டுநலப் பணித்திட்டமும் இவற்றுக்கு எளிய வழிகள். சேர விரும்புவோரிடம் பெரும்பாலும் கேட்கப்படுவன சிலவே: பெற்றோரின் எழுத்துவழி இசைவு, தடுப்பூசிச் சான்று, சொன்ன நாளில் சொன்ன நேரத்தில் வருவதற்கான உறுதி. விலங்குக்கு விடுமுறை இல்லையாதலால் மூன்றாவதையே காப்பாளர்கள் பெரிதாக மதிக்கின்றனர்.

திருவண்ணாமலையில் நடவுக்காலம் பருவமழையோடு தொடங்குகிறது. ஈரம் உள்ளபோதே கன்றுகள் சரிவுக்குச் சுமந்து செல்லப்படுகின்றன. கார்த்திகைத் தீபம் முடிந்தபின் பக்தர்கள் விட்டுச்சென்ற நெகிழிப்பைகள் மலையிலிருந்து இறக்கப்படுகின்றன. தையில் புல் காயத் தொடங்குவதற்குள் தீத்தடுப்புக் கோடுகள் வெட்டப்பட்டிருக்கவேண்டும்.